ஏடும் விதியும் விடையும்

சப்பிரகமுவ மாகாணம் இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களை உடையது. கேகாலைப் பக்கத்திலே யட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிற்றை, ருவான்வெல்லை ஆகிய ஊர்களைச் சூழ்ந்து இறப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. இரத்தினபுரிப் பக்கத்திலே பலாங்கொடை, இறக்குவானை முதலிய இடங்களின் மலைச்சரிவுகளில் தேயிலை வளர்கின்றது. ஒவ்வொரு தோட்டத்திலும் கந்தோர் ஒன்று உண்டு. அக்கந்தோரின் அலுமாரியிலே பலவகை ஏடுகள் இருக்கும். காலையில் பெரட்டுக்களத்தில் கூடுவோரின் பேர் பதியும் செக்ரோல் ஒன்று. பிள்ளைக்காம்பராவில் விடப்படும் குழந்தைகளின் பேரேடு ஒன்று. தோட்டப் பாடசாலையின் வரவு இடாப்பு ஒன்று. பிறப்பையும் இறப்பையும் குறித்த பதிவுகள் வேறு.

இவ்வேடுகளை நோக்கி ஒருவர் சில வினாக்களை எழுப்பினால் உடனே விடை கிடைக்கும். ‘சென்ற மாதத்தில் 20 நாளுக்கு மேல் வேலை செய்தோர் யாவர்?’ என்று கேட்டால், கணக்கப்பிள்ளை செக்ரோலைப் புரட்டிப் பேர்களைப் படித்துவிடுவார். எழுதியதை எடுத்துக் கூறுவதே இங்கு வேலை. ஆயின், ‘இவருள் இந்நாட்டின் பிரசைகள் யாவர்?’ என்று ஒருவர் கேட்டால் என் செய்வது? செக்ரோலில் அதற்கென ஒரு நிரல் இல்லை. பிள்ளைக்காம்பரா ஏட்டிலும் இல்லை. அது எழுதப்பட்ட செய்தியன்று; எழுதப்பட்ட செய்திகளிலிருந்து ஒரு விதியின் வழியே வருவிக்க வேண்டிய செய்தி. ஏடு ஒருபுறம், விதி ஒருபுறம், இரண்டும் கூடிய இடத்தில் விடை. இக்காலத்துக் கணினி அறிஞர் பெரிதும் ஆராய்ந்துவரும் துறைகளுள் ஒன்று இதுவே. தரவுத்தளத்தை நோக்கிய வினாவுக்குத் தருக்க விதிகளின் துணைகொண்டு விடை காண்பது என்று அதனைக் கூறலாம். அத்துறையின் நுட்பங்களைச் சப்பிரகமுவத் தோட்டங்களின் வரலாற்றை வைத்தே விளக்கிவிட முடியும். ஏனெனில், அம்மக்களின் வாழ்வே அரை நூற்றாண்டுக் காலம் இத்தகைய வினா ஒன்றின் விடையில் தொங்கிக் கொண்டிருந்தது.

விதி எது என்பதை முதலிற் காண வேண்டும். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அந்நாளுக்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவர் மரபுவழிப் பிரசை ஆவதற்கு அச்சட்டம் இரண்டு வழிகளைக் கூறிற்று. ஒன்று, அவருடைய தந்தை இலங்கையிற் பிறந்தவராயிருத்தல். மற்றொன்று, அவருடைய தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்தவராயிருத்தல். இரண்டனுள் ஒன்று பொருந்தினாற் போதும். அந்நாளுக்குப் பின் பிறந்த குழந்தைக்கு விதி வேறு: குழந்தை பிறந்தபோது தந்தை பிரசையாக இருத்தல் வேண்டும்.

இவ்விதிகளைத் தருக்க நூலார் நோக்கினால் அவற்றின் அமைப்புத் தெளிவாகப் புலப்படும். ‘இன்னது உண்மையாயின், இன்னது உண்மை’ என்னும் வடிவமே அது. முதல் விதிக்கு இரண்டு செய்திகள் வேண்டும்: மகன் பிறந்த இடம், தந்தை பிறந்த இடம். இரண்டாம் விதிக்கு மூன்று செய்திகள் வேண்டும்; அவற்றோடு யாருக்கு யார் தந்தை என்னும் உறவும் தெரிதல் வேண்டும். பின் பிறந்த குழந்தையைப் பற்றிய விதியோ தன்னைத் தானே அழைப்பது. மகன் பிரசையா என்னும் வினா, தந்தை பிரசையா என்னும் வினாவாக மாறுகின்றது. அவ்வினா மேலே செல்கின்றது. ஆதலின், ஒரு தலைமுறைக்குக் கிடைத்த விடை அதன் கீழுள்ள தலைமுறைகள் அனைத்துக்கும் இறங்கி வருகின்றது. தந்தைக்கு ‘இல்லை’ என்று சொல்லப்பட்டால், அன்று தொட்டிலிற் கிடந்த குழந்தைக்கும் அச்சொல்லே சொல்லப்பட்டதாகும்.

சட்டத்தை இவ்வாறு தருக்க விதிகளாக எழுதிப் பொறியிடம் கொடுக்கலாம் என்பது வெறும் கற்பனையன்று. 1970 இல் எட்கர் கொட் என்னும் அறிஞர், செய்திகளை அட்டவணைகளாக வகுத்து அவற்றை நோக்கி வினவும் முறையைத் தந்தார். 1972 ஐ ஒட்டிப் பிரான்சின் மார்செய் நகரில் அலென் கொல்மரோவர் என்பவரும் அவருடைய குழுவினரும் புரோலொக் என்னும் கணினி மொழியை உருவாக்கினர். தருக்க விதிகளையே கட்டளைகளாகக் கொள்ளும் மொழி அது. இவ்விரு நெறிகளும் கூடிய இடத்தில் ஒரு புகழ்பெற்ற முயற்சி நிகழ்ந்தது. 1981 ஆம் ஆண்டின் பிரித்தானியக் குடியுரிமைச் சட்டத்தின் பெரும்பகுதியை, இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த மாரெக் செர்கொட், இராபர்ட் கொவால்ஸ்கி முதலியோர் தருக்க விதிகளாகப் பெயர்த்தெழுதினர். 1986 இல் அதனை வெளியிட்டனர். ஒருவரைப் பற்றிய செய்திகளைக் கொடுத்தால், அவர் பிரித்தானியக் குடியுரிமை உடையவரா என்பதனைப் பொறி விதிவழியே கண்டு கூறும். எவ்விதியால் அவ்விடைக்கு வந்தது என்பதையும் காட்டும். குடியுரிமைச் சட்டத்தை அவர்கள் தேர்ந்தெடுத்தது பொருத்தமே. விதியும் ஏடும் மனிதன் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் துறைகளுள் அது முதன்மையானதன்றோ?

விதியும் ஏடும் மட்டும் போதா. சொற்களின் பொருளும் வேண்டும். ‘வசிப்பவர்’ என்றால் யார்? ‘தொழிலாளி’ என்றால் யார்? கங்காணி தொழிலாளியா? இவற்றை வகுத்துரைக்கும் அமைப்பினைக் கணினி நூலார் ஒன்டாலஜி என்பர். பொருள்வகுப்பு என்று தமிழில் அதனை வழங்கலாம். அதன் பயன் ஓர் எடுத்துக்காட்டால் விளங்கும். ‘1938 இல் இலங்கையில் வசித்தோர் யாவர்?’ என்பது வினா. ‘வசித்தோர் ஏடு’ என்று ஓர் ஏடு தோட்டத்தில் இல்லை. ஆயினும் பொருள்வகுப்பு சில உண்மைகளைக் கூறும்: செக்ரோலிற் பேர் உள்ளவர் தோட்டத்தில் வேலை செய்பவர்; தோட்டத்தில் வேலை செய்பவர் அத்தோட்டம் உள்ள நாட்டில் இருப்பவர்; பாடசாலை இடாப்பில் வரவு குறிக்கப்பட்ட பிள்ளையும் அந்நாட்டில் இருப்பதே. இவ்வுண்மைகளைக் கொண்டு பொறி வினாவையே திருப்பி எழுதிக்கொள்ளும். ‘செக்ரோலில் உள்ளோர், அல்லது வரவு இடாப்பில் உள்ளோர், அல்லது மருத்துவச்சாலை ஏட்டில் உள்ளோர் யாவர்?’ என்று வினா விரியும். பின்னர் அவ்வவ்வேட்டைத் திறந்து விடையைத் திரட்டும். 2000 களின் நடுப்பகுதியில் உரோமாபுரியிலும் பொல்சானோவிலும் உள்ள பல்கலைக்கழக அறிஞர்கள் இம்முறையைச் செம்மை செய்தனர். விதிகளை ஓர் எல்லைக்குள் நிறுத்திவிட்டால், எத்துணைப் பெரிய தரவுத்தளமாயினும் இவ்வாறு விரித்தெழுதிய வினாவால் விரைவில் விடை காணலாம் என்பதை அவர்கள் நிறுவினர்.

எல்லை என்றது ஏன்? ‘ஒவ்வொரு மனிதருக்கும் தந்தை ஒருவர் உண்டு, அவரும் மனிதர்’ என்பது யாவரும் ஒப்பும் விதி. ஆனால் பொறியிடம் இதனைக் கட்டின்றிக் கொடுத்தால், மகனுக்குத் தந்தை, தந்தைக்குப் பாட்டன், பாட்டனுக்குப் பூட்டன், பூட்டனுக்கு ஓட்டன் என்று பெயரறியா மனிதரைப் படைத்துக்கொண்டே போகும், முடிவுறாது. 1948 ஆம் ஆண்டுச் சட்டம் பூட்டனோடு நின்றது. பொறிக்கும் அவ்வாறு நிற்குமிடம் ஒன்றை வகுத்தல் வேண்டும். எவ்வகை விதிகளுக்கு முடிவு உண்டு, எவற்றுக்கு இல்லை என்பதனை ஆராய்தலே இத்துறையாளரின் பெரும்பணியாய் இருந்துவருகின்றது.

இவ்விதியினின்று மற்றொரு நுட்பமும் தோன்றுகின்றது. பெயர் தெரியாவிடினும் ஒருவர் உண்டு என்பதனை அறிய முடியும். பிள்ளைக்காம்பரா ஏட்டில் ஒரு குழந்தையின் பேர் மட்டும் இருக்கின்றது. தாயின் பேர் அழிந்துபோயிற்று. வேலைக்குச் செல்லும் தாய்மாரின் குழந்தைகளையே அங்கே விடுவர் என்பது வழக்கு. ‘அத்தோட்டத்தில் வேலை செய்யும் தாய் எவளேனும் இருந்தாளா?’ என்றால் ‘ஆம்’ என்று உறுதியாகக் கூறலாம். ‘அவள் யார்?’ என்றாலோ பேர் கூற இயலாது. உள்ளது என அறிதல் வேறு. இன்னது என அறிதல் வேறு.

இனி, விடையின் தன்மைக்கு வருவோம். ஏட்டில் இல்லாத செய்தி பலவாறாக இருந்திருக்கலாம். எவ்வாறு இருந்திருப்பினும் மாறாமல் நிற்கும் விடையே உறுதி விடை எனப்படும். சட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். இலங்கையிற் பிறந்த ஒருவரின் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்தவர் என்று சான்று உண்டு. தந்தை பிறந்த இடத்துக்கு மட்டும் சான்று இல்லை. தந்தை கேகாலையிற் பிறந்திருக்கலாம், திருச்சிராப்பள்ளியிலும் பிறந்திருக்கலாம். எங்குப் பிறந்திருப்பினும் இரண்டாம் விதியால் மகன் பிரசையே. ஏட்டிலே ஓட்டை இருந்தும் விடையிலே ஓட்டை இல்லை. அறியாமை ஓரிடத்தில் இருக்க, அறிவு வேறோரிடத்தில் நிலைபெறுகின்றது.

ஆனால், சான்றின்மை எப்போதும் இவ்வாறு தீங்கின்றி நின்றுவிடுவதில்லை. பாட்டனின் பிறப்பிடத்துக்கும் சான்று இல்லையெனின் விடை யாது? இவ்விடத்தில் இரு நெறிகள் பிரிகின்றன.

ஒன்று மூடிய உலகக் கொள்கை. ஏட்டில் இல்லாதது உலகிலும் இல்லை என்று கொள்வது அது. 1978 இல் ரேமண்ட் ரைட்டர் என்னும் அறிஞர் இதனைத் தருக்க முறையில் வகுத்துக் கூறினார். சில இடங்களில் இது மிகவும் பொருந்தும். கொழும்பிலிருந்து அவிசாவளைக்குச் செல்லும் களனிப் பள்ளத்தாக்குப் புகைவண்டிப் பாதையின் நேர அட்டவணையில் ஒரு நேரம் குறிக்கப்படவில்லையெனின், அந்நேரத்தில் வண்டி இல்லை என்று கொள்ளலாம். ஏனெனில், ஓடும் வண்டிகள் அனைத்தையும் எழுதுவதற்கென்றே அமைந்தது அவ்வட்டவணை. மற்றொன்று திறந்த உலகக் கொள்கை. ஏட்டில் இல்லாதது தெரியாதது. இல்லாததன்று என்று கொள்வது அது. பொருள்வகுப்பைக் கொண்டு விடை காணும் முறைகள் பெரும்பாலும் இந்நெறியைத் தழுவியவை. முதல் நெறியில் விடைகள் இரண்டே: ஆம், இல்லை. இரண்டாவதில் மூன்று: ஆம், இல்லை, தெரியவில்லை.

இவ்விரண்டனுள் எதை எங்கே கொள்வது? இதற்கு விடை தேடத் தமிழர் மேனாட்டுக்குச் செல்ல வேண்டுவதில்லை. சாத்தனாரின் மணிமேகலையில், சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையிலே, அறிவுக்குக் கருவியாகும் அளவைகள் எண்ணப்படுகின்றன. காண்டல், கருதல் முதலியவற்றோடு அபாவம் என்பதும் ஆங்கே கூறப்படுகின்றது. இன்மையால் அறிவது அது. மீமாம்சை நூலாரும் அத்துவைத நூலாரும் இதனை மேலும் ஆராய்ந்து ஓர் அரிய வரம்பு இட்டனர். ஒரு பொருளைக் காணாமை மட்டுமே அதன் இன்மைக்குச் சான்றாகாது. அப்பொருள் இருந்திருப்பின் கட்டாயம் கண்ணிற் பட்டிருக்கும் என்னும் நிலையிற் காணாமையே சான்றாகும் என்றனர். வெளிச்சம் நிறைந்த அறையில் குடத்தைக் காணவில்லையெனின் குடம் இல்லை. இருட்டறையில் காணவில்லையெனின் அதனால் அறியத்தக்கது யாதுமில்லை. மூடிய உலகக் கொள்கை எங்கே செல்லும் என்பதற்கு இதனினும் தெளிந்த இலக்கணம் கிடைப்பது அரிது. நிறைவான ஏடே வெளிச்சமுள்ள அறை.

தோட்டத்து ஏடுகள் வெளிச்சமுள்ள அறையாய் இருந்தனவா? 1948 இல் 50 வயதினராயிருந்த ஒரு தொழிலாளியை எண்ணிப் பார்க்கலாம். அவர் பிறந்தது 1898 ஐ ஒட்டி. அவருடைய தந்தை 1870 ஐ ஒட்டியும், பாட்டன் 1840 களிலும் பிறந்திருக்கலாம். இலங்கையில் பிறப்புகளை அரசாங்க முறையிற் பதியும் வழக்கமோ 1860 களின் பிற்பகுதியில்தான் தொடங்கிற்று. தொடங்கிய பின்னும் எங்கும் ஒரே சீராக நடைபெறவில்லை. பாட்டனும் பூட்டனும் எங்கே பிறந்தனர் என்பதற்கு ஏட்டுச் சான்று கேட்பது, ஏடு பிறப்பதற்கு முன் நிகழ்ந்ததற்கு ஏடு கேட்பதாகும். செக்ரோல் பல தலைமுறை பழைமையானதே. ஆயின் அது கூலி கணக்கிடுவதற்காக எழுதப்பட்டது. பிறப்பிடம் அதன் நோக்கமன்று. ஒரு வினாவுக்கென எழுதிய ஏட்டை வேறொரு வினாவுக்குச் சான்றாக்கும்போது, அதன் மௌனத்தைப் பொருளுடைய சொல்லாகக் கொள்ளுதல் பிழை. அயலிலிருந்த கிராமத்தவர் பலரிடத்தும் பாட்டனின் பிறப்புப் பத்திரம் இருந்ததில்லை. ஆனால் அவரை நோக்கி எவரும் அவ்வினாவை எழுப்பவில்லை. விதி யாவருக்கும் பொதுவாக எழுதப்பட்டது; வினாவோ ஒரு சாராரை நோக்கியே கேட்கப்பட்டது.

அச்சட்டத்தை இயற்றியோருக்கு மௌனத்தை வேறு வகையாகப் படிக்கத் தெரியாது என்று கூறவும் இயலாது. அதே சட்டத்தின் 7 ஆம் பிரிவு, இலங்கையிலே கைவிடப்பட்ட நிலையில் கண்டெடுக்கப்படும், பெற்றோர் இன்னார் என அறிய இயலாத, புதிதாய்ப் பிறந்த குழந்தையைப் பற்றிப் பேசுகின்றது. மாறாக நிரூபிக்கப்படும் வரையில் அக்குழந்தை மரபுவழிப் பிரசையாகவே கொள்ளப்படும் என்பது விதி. அங்கே ஏடு முற்றிலும் வெறுமை. ஆயினும் விடை ‘ஆம்’. பிரித்தானியச் சட்டத்திலும் இத்தகைய விதி உண்டு. அதனைத் தருக்கமாக எழுதிய இலண்டன் அறிஞர்கள், ‘மாறாகக் காட்டப்படாவிடின்’ என்னும் தொடரைப் பொறிக்கு உணர்த்துவதில் மிகவும் கருத்தூன்ற வேண்டியிருந்தது. இலக்கண நூலார் பொதுவிதியில் அடங்காதவற்றுக்குப் புறனடை வகுப்பதுபோல், சட்டமும் இங்கே ஒரு புறனடை வகுத்தது. பெற்றோரே அறியப்படாத குழந்தைக்கு ஐயத்தின் பயன் கிடைத்தது. பெற்றோரும் பாட்டனும் அறியப்பட்டு, அவர் பிறந்த ஊருக்குக் கடதாசி மட்டும் இல்லாதவருக்கு அது கிடைக்கவில்லை.

இவ்வினா நீதிமன்றம் ஏறியது சப்பிரகமுவத் தொகுதி ஒன்றிலிருந்துதான். 1949 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேர்தற் திருத்தச் சட்டம், பிரசைகள் மட்டுமே வாக்காளர் இடாப்பில் இடம்பெறலாம் என்று விதித்தது. ஆக, ஓர் ஏட்டின் விடை மற்றோர் ஏட்டின் வாயிலாயிற்று. கேகாலை மாவட்டத்து ருவான்வெல்லைத் தொகுதியில் கோடக்கன் பிள்ளை என்பவர் தம் பேரை இடாப்பிற் சேர்க்குமாறு வேண்டினார். அவர் பிரசை அல்லர் என்று பதிவதிகாரி மறுத்தார். மீளாய்வு செய்த அதிகாரி, அவர் பேரைச் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். உயர் நீதிமன்றம் 1951 இல் அதனை மாற்றியது. 1953 இல் இலண்டன் கோமறைக் கழகமும் உயர் நீதிமன்றத்தின் முடிவையே உறுதி செய்தது. வழக்கிலே ஆராயப்பட்டது, விதிகளுக்கு மேல் நின்ற விதி ஒன்று. ஒரு சமூகத்தாருக்கு மட்டும் இடர் விளைக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்று அக்காலத்து அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு கூறிற்று. பிரசாவுரிமை விதிகள் அதனோடு முரணுகின்றனவா என்பதே கேள்வி. முரணவில்லை என்பது முடிவு. கணினி நூலாரும் விதித்தொகுதிக்குள் முரண் உண்டா என்று முதலிற் சோதிப்பர். ஆயின் முரணின்மை வேறு, நேர்மை வேறு. ஒன்றோடொன்று முரணாத விதிகள் பலவும் கூடி ஒரு மனிதரை வெளியே நிறுத்திவிட முடியும் என்பதற்கு ருவான்வெல்லை சான்றாயிற்று.

மரபுவழியில் இடம் பெறாதோருக்கு மற்றொரு வாயில் இருந்தது. 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், 1946 ஜனவரி 1 க்கு முன், மணமானவராயின் 7 ஆண்டும் ஏனையோராயின் 10 ஆண்டும் இடையறாது வசித்தோர் விண்ணப்பிக்கலாம் என்றது. ஒரு முறை சென்று 12 மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் தொடர்ச்சி அறும். இங்கும் மௌனம் இடையூறாய் நின்றது. ஒருவர் தெரணியகலைத் தோட்டம் ஒன்றில் 1939 வரையிலும், பலாங்கொடைத் தோட்டம் ஒன்றில் 1941 முதலும் செக்ரோலில் இருக்கின்றார் என்று கொள்ளலாம். இடைப்பட்ட காலத்திலே அவர் தலைமன்னாரிற் கப்பலேறியதற்கும் சான்று இல்லை. இலங்கையில் இருந்ததற்கும் சான்று இல்லை. போனதற்குச் சான்று இன்மையை நோக்குவதா, இருந்ததற்குச் சான்று இன்மையை நோக்குவதா? ஏடு ஒன்றே, மௌனமும் ஒன்றே. எந்தப் பக்கத்துக்குச் சான்று கேட்பது என்பதைப் பொறுத்து விடை தலைகீழாய் மாறுகின்றது. சட்டம் அப்பாரத்தை விண்ணப்பித்தவர் தோளிலேயே வைத்தது. சுமார் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் வந்தன. அவற்றின் வழியே பிரசாவுரிமை பெற்றோர் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. மறுக்கப்பட்டமைக்குக் காரணங்கள் பலவாயினும், சான்றுப் பத்திரம் இன்மை அவற்றுள் பெரியது.

பேரைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். தரவுத்தளத்தில் பெரும்பாலும் இரு பேர் என்றால் இரு மனிதர் என்று கொள்வர். தோட்டத்திலோ அது பொருந்துவதில்லை. ஒருவர் பேர் செக்ரோலில் ஒருவகையாகவும், பிறப்புப் பதிவில் வேறுவகையாகவும், கூப்பன் புத்தகத்தில் மற்றொருவகையாகவும் எழுதப்பட்டிருக்கும். தமிழ்ப் பேரை ஆங்கில எழுத்தில் எழுதியவரின் செவிக்கேற்ப அது மாறும். அன்றியும், ஒரே பேருடையோர் ஒரே லயத்திற் பலர் இருப்பர். ஆக, மூன்று பேர் ஒரு மனிதராகலாம். ஒரு பேர் மூன்று மனிதராகலாம். வலைப்பின்னலுக்கென 2004 இல் நியமமாக்கப்பட்ட பொருள்வகுப்பு மொழி இவ்வுண்மையை ஏற்றுக்கொண்டது. பேர் வேறாயின் ஆள் வேறு என்று அது தானாகக் கொள்வதில்லை. வேறென்று கூறினாலன்றி, ஒருவராகவும் இருக்கலாம் என்றே விடுகின்றது.

பின் நடந்தவை யாவரும் அறிந்தவை. 1964 அக்டோபர் 30 இல் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. நாடற்றவராய் மதிக்கப்பட்ட 9 இலட்சத்து 75 ஆயிரம் பேருள் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும், 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேர் 1974 இல் சமமாகப் பங்கிடப்பட்டனர். மனிதரை எண்ணாற் பங்கிட்ட ஏடு அது. ஒருவரின் பேர் எப்பக்கத்து நிரலில் விழுந்தது என்பதைக் கொண்டு குடும்பங்கள் பிரிந்தன. மண்டபம் முகாமைக் கடந்து சென்றோர் தாம் பிறந்த தோட்டத்தையும் பெற்றோரின் புதைகுழிகளையும் விட்டுச் சென்றனர்.

முடிவில் வழி திறந்தது, ஏடு நிரம்பியதனால் அன்று, விதி மாறியதனால். 1988 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கச் சட்டமும், அதனினும் தெளிவாக 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமும் அவ்வேலையைச் செய்தன. 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி எளிது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்துவரும் இந்திய வம்சாவளியினரும், அத்தகையோரின் வழித்தோன்றல்களாய் இலங்கையில் வசிப்போரும் பிரசைகள். பாட்டனின் பிறப்பிடம் அங்கே கேட்கப்படவில்லை. மனிதர் நினைவுக்கும் தோட்டத்து ஏட்டுக்கும் எட்டிய காலத்தில், எட்டிய செய்தியே கேட்கப்பட்டது. ஐக்கிய நாடுகளின் அகதிகள் நிறுவனத்தினது துணையுடன் தோட்டப்பகுதிகளில் நடமாடும் நிலையங்கள் அமைந்தன. பத்து நாட்களுக்குள் சுமார் 1 இலட்சத்து 90 ஆயிரம் பேர் பிரசாவுரிமை பெற்றனர். அரை நூற்றாண்டில் அவிழாத முடிச்சு பத்து நாளில் அவிழ்ந்தது என்றால், முடிச்சு மக்களிடத்து இல்லை, விதியிடத்தே இருந்தது என்பது போதரும்.

திறந்த உலகக் கொள்கையை எங்கும் தழுவிவிட்டால் போதும் என்று கூறுதலும் பொருந்தாது. யாவற்றுக்கும் ‘தெரியவில்லை’ என்று விடை வரின் இடாப்பு எழுதவும் இயலாது, சம்பளம் கொடுக்கவும் இயலாது. செக்ரோலில் பேர் இல்லாதவருக்கு அன்றைய சம்பளம் இல்லை என்று கொள்வதில் பெரும்பாலும் தவறில்லை; பெரட்டில் நின்றவர் யாவரையும் எழுதவே அது உள்ளது. எந்த ஏடு நிறைவானது, எது குறைவானது என்பதை முன்னரே ஆராய்ந்து, நிறைவான ஏட்டின் மௌனத்தை ‘இல்லை’ என்றும், குறைவான ஏட்டின் மௌனத்தைத் ‘தெரியவில்லை’ என்றும் படித்தலே முறை. இரு கொள்கைகளையும் ஒரே அமைப்பில் இடமறிந்து கலந்து வழங்கும் முறைகளையும் கணினி அறிஞர்கள் இன்று வகுத்துள்ளனர்.

அரசாங்கங்கள் பலவும் தம் பழைய இடாப்புகளைக் கணினியில் ஏற்றிவரும் காலம் இது. தோட்டங்களிலே பிறப்புச் சான்றிதழ் இன்றி அடையாள அட்டைக்கு அலைவோர் இன்னும் உளர். மங்கிய மையால் எழுதிய செக்ரோலிலிருந்து விவரங்கள் பொறிக்கு மாறும்போது, அந்த ஏட்டில் விடுபட்டவர் இந்த ஏட்டிலும் விடுபடுவர். முன்பு ஒரு எழுதுவினைஞர் தயங்கி, ‘இவரை எனக்குத் தெரியும், இவருடைய தகப்பனாரும் இத்தோட்டத்திற்றான் இருந்தார்’ என்று சொல்ல இடம் இருந்தது. பொறிக்கு அத்தயக்கம் இல்லை. கொடுத்த விதியை அது பிழையின்றி நடத்தும். மௌனத்தை எப்படிப் படிக்கச் சொன்னோமோ அப்படியே படிக்கும். ஆதலின், அதனைச் சொல்லிக்கொடுப்போர் முதலிற் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றே: இந்த ஏட்டை எழுதியபோது அறையில் வெளிச்சம் இருந்ததா? இருந்தது என்று உறுதியாகக் கூற இயலாவிடின், ‘தெரியவில்லை’ என்னும் மூன்றாவது விடைக்கு அப்பொறியிலே இடம் வைத்தல் வேண்டும். அவ்விடை வந்த இடத்திலே ஒரு மனிதரை அழைத்து அமரவைத்து, அவருடைய வரலாற்றை வாய்மொழியாகக் கேட்டல் வேண்டும்.